நோர்வேச் சொற்பட்டியலும் மெர்சியின் அழைப்பும்

என் தங்கை மெர்சி மூன்று ஆண்டுகளாக என்னோடு பேசவில்லை. காரணம் நான்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆண்டவர் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அப்பா இறந்த அன்று மாலையே, நான் இருக்கும் பஹ்ரைனின் மனாமாவிலிருந்து ஊருக்கு விமானம் இருந்தது. இருக்கையும் இருந்தது. நான் வேலை செய்யும் விளம்பர நிறுவனத்தில் ஒரு சிறப்பு மலர் அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. நான் போகவில்லை. எங்கள் ஊரான சாயர்புரத்தில் மெர்சி தனியாக நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அடக்க அறிவிப்பையும் அவளே எழுதி, அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு அனுப்பினாள். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழில் பிழை திருத்தியவள் நான். சிவப்பில் ஆறு திருத்தங்கள் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அவள் பதில் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே அனுப்பவில்லை.

இந்த ஆண்டு ஒரு புதன்கிழமை காலை அவளுடைய கணவர் தர்மராஜிடமிருந்து செய்தி வந்தது.

“மைனி, மெர்சிக்கு வர்ற திங்கக்கிழமை ஆபரேஷன். நச்சுக்கொடி இறங்கி வழிய அடச்சிருக்காம். ரத்தம் ரொம்பப் போகும்னு டாக்டர் சொல்லுதாங்க. ஜெபம் பண்ணுங்க. நான் சொன்னேன்னு காட்டிக்கிடாதீங்க.”

முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு முதல் குழந்தை. அவள் கர்ப்பமாக இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். உடனே புறப்பட்டு வரவா என்று கேட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. “ஜாடையாக் கேட்டுப் பார்த்தேன் மைனி. அவ வந்தா எனக்கு பிரஷர் ஏறும்னு சொல்லுதா.”

மனாமாவில் நான் குடியிருக்கும் குதைபியாவில் அன்று புழுதி மூட்டமாக இருந்தது. எதிர் வீட்டு மாடியில் காய்ந்த துணிகள் நிறமிழந்து, தண்ணீருக்குள் அசைவதுபோல அசைந்தன. நான் சமையலறைத் தரையில் முழங்காலிட்டேன். சபையில் எட்டு ஆண்டுகளாகப் பிறர் ஜெபங்களை மொழிபெயர்ப்பவள் நான். சொந்தமாக ஒரு ஜெபம் வரவில்லை. கடைசியில் ஒரே வரி வந்தது. ஆண்டவரே, திங்கட்கிழமைக்கு முன் அவள் குரலை நான் கேட்க வேண்டும்.

மறுநாள் மாலை பாஸ்டர் ஒரு பெரியவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். பெயர் ஆர்னே. நோர்வேக்காரர், கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பஹ்ரைனில் வேலை செய்யும் மகளைப் பார்க்க வந்திருந்தார். வெள்ளிக்கிழமை ஆராதனையில் அவர் பேசுவார், நான் தமிழில் சொல்ல வேண்டும்.

“எஞ்சின் அறை ஆங்கிலம் எனக்கு உண்டு. சபை ஆங்கிலம் கிடையாது. பிரசங்கம் செய்ததெல்லாம் என் மொழியில்தான்” என்றார் ஆர்னே.

ஆகவே பட்டியல் போட்டோம். இடப்பக்கம் ஆங்கிலம், நடுவில் நோர்வே, வலப்பக்கம் தமிழ். பிரசங்கம் அவர்களுக்கு ப்ரேக்கன். பிரசங்க பீடம் ப்ரேக்கெஸ்தூல். அதைப் பிரித்தால் பிரசங்க நாற்காலி என்று வரும், ஆனால் யாரும் உட்காருவதில்லை என்று சிரித்தார். கிருபை நோடெ. மனந்திரும்புதல் ஒம்வென்னெல்செ. மன்னிப்பு தில்யீவெல்செ. சாட்சி வித்னெஸ்ப்யூர்ட். ஒவ்வொரு சொல்லையும் அவர் மெதுவாக, உள்ளங்கையில் எதையோ வைத்துக் காட்டுவதுபோலச் சொன்னார். நாற்பத்து மூன்று சொற்கள். இரவெல்லாம் அவை தூக்கத்தில் வந்தன. பனி மூடிய ஏதோ துறைமுகத்தில் நான் நிற்பதாகவும், படகுகள் அந்தப் பெயர்களோடு ஓசையில்லாமல் கடந்து போவதாகவும் கனவு.

மொழிபெயர்ப்பில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது. அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்பேன். அவர் அழுதாலும் நான் அழக் கூடாது. எட்டு ஆண்டுகளில் நான் குரல் தடுமாறியதில்லை. எங்கள் ஒலிபெருக்கியைக் கவனிக்கும் சாம் அண்ணன் கேலி செய்வார். “எஸ்தர் சிஸ்டர் நரகத்தப் பத்திச் சொன்னாக்கூட நியூஸ் வாசிக்கிற மாதிரில்லா இருக்கு.”

வெள்ளிக்கிழமை ஆர்னே நன்றாகத்தான் தொடங்கினார். இருபது நிமிடம் போயிருக்கும். தில்யீவெல்செ என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு நோர்வே மொழியிலேயே பேசத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏசி சத்தமும் அவர் குரலும் மட்டும் கேட்டன. நடுநடுவே பட்டியலிலுள்ள சொற்கள் மிதந்து வந்தன. நோடெ. தில்யீவெல்செ. மறுபடியும் நோடெ. இருநூறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அவரும் என்னைப் பார்த்தார். பிறகு எஞ்சின் அறை ஆங்கிலத்தில், துண்டு துண்டாக அதையே சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

“எனக்கு ஒரு தம்பி. எங்கள் அப்பாவின் அடக்கத்துக்கு நான் போகவில்லை. கப்பலில் வேலை என்றேன். எல்லாவற்றையும் அவன் தனியாகச் செய்தான். நான் தூரத்திலிருந்து அவன் செய்ததில் குற்றம் கண்டுபிடித்தேன்.”

பட்டியலை எழுதிய அன்று இதை அவர் சொல்லவில்லை. என் கதையை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த வரி, “நான் சொன்னதெல்லாம் சரி. ஆனால் நான் அங்கே இல்லை.” அதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. ‘நான்’ என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெரியவர் என் தோளில் கை வைத்துக் காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஜன்னலில் வெளிச்சம் பால்போல இருந்தது.

ஆராதனை முடிந்ததும் சாம் அண்ணனிடம் போனேன். “அந்த இடத்த வெட்டிருங்கண்ணே.”

“மாஃபி சிஸ்டர், இனி முடியாது, போயிருச்சு. எப்பவும்போல அவரு குரல வெட்டிட்டு உங்க தமிழ மட்டும் குரூப்ல போட்டுட்டேன். டூட்டியில இருக்கிறவனுக்கு டேட்டா மிச்சம். எங்கம்மாவுக்கும் அனுப்பிட்டேன். கலாஸ், முடிஞ்சுபோச்சு.”

சாம் அண்ணனின் அம்மாவும் சாயர்புரத்தில்தான் இருக்கிறார். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குப் போன் அடித்தது. தர்மராஜின் எண். பயத்தோடு எடுத்தேன்.

“அக்கா.”

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குரல்.

“சாம் அம்மா ஆரஞ்சு வாங்கிட்டுப் பார்க்க வந்தாங்க. ஒங்க அக்கா சாட்சி சொல்லி அழுதுருக்கா கேளுன்னு போனைக் காதுல வச்சுட்டாங்க.”

நான் பொய் சொல்ல விரும்பவில்லை. “மெர்சி, அது என் சாட்சி இல்ல. ஒரு நோர்வேக்காரர் சொன்னது. நான் மொழிபெயர்த்தேன்.”

“அது தெரியாதாக்கும்? நமக்கு ஏது தம்பி? நீ எந்தக் கப்பல்ல போன?” மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “ஆனா அழுதது நீதானக்கா?”

“ஆமா. நான்தான்.”

பிறகு நான் யாருடைய சொல்லையும் கடன் வாங்காமல் சொன்னேன். “நான் வந்திருக்கணும் மெர்சி. ஒன்னைத் தனியா விட்டுட்டேன். அந்த அறிவிப்பு நல்லாத்தான் இருந்துச்சு.”

“ஆறுல ஒண்ணு நெசமாவே தப்புக்கா. அத மட்டும் திருத்திட்டுத்தான் அடிச்சேன்” என்றாள் மெர்சி.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. அவர்கள் அவளுக்கு நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பகல் பதினொன்றரைக்குச் செய்தி வந்தது. பெண் குழந்தை, இரண்டு கிலோ சொச்சம். தாயும் பிள்ளையும் சுகம்.

நான் குரலை மட்டுமே கேட்டிருந்தேன். ஆண்டவர் இருவரையும் தந்தார். ஆர்னேயிடம் சொன்னபோது அவர் பட்டியலை வாங்கி, வித்னெஸ்ப்யூர்ட் என்ற சொல்லின் மேல் விரலை வைத்துவிட்டுத் திருப்பித் தந்தார். அது இப்போது என் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. இன்றும் மற்றவர்களுக்காக ‘நான்’ என்று சொல்லி நிற்கிறேன். ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் எனக்காகவும் ஒருமுறை அந்தச் சொல்லைச் சொல்லி ஜெபிக்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களுக்கும் பேசாமல் போன ஒருவர் இருக்கலாம். அழகான ஜெபம் வரும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு வரி போதும். அதை ஆண்டவர் எந்தத் தேசத்துக்காரர் வாய் வழியாகவும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

போன வாரம் மெர்சி ஞானஸ்நான அழைப்பிதழின் மாதிரியை அனுப்பினாள். “அச்சுக்குக் குடுக்கணும். பார்த்துச் சொல்லுக்கா.” பார்த்தேன். இரண்டு பிழைகள் இருந்தன. “நேர்ல வந்து சொல்லுதேன்” என்று எழுதிவிட்டு, டிக்கெட் எடுத்தேன்.