விசிலுக்கு நின்றவர்கள்

கிள்ளானில் ஒரு வரிசை வீட்டின் கேட்டுக்கு வெளியே நின்று எங்கள் கோச் விசில் ஊதியதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. உள்ளே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், கல்லூரியில் அவரிடம் விளையாடியவள், தூக்கிய கை தூக்கியபடியே நின்றுவிட்டாள். ஈரச் சட்டையிலிருந்து தண்ணீர் அவள் முழங்கையில் வழிந்தது. கண் மட்டும் எங்களைப் பார்த்தது. “ஓடும்மா,” என்றார் கோச். அவளால் முடியவில்லை. திரும்பத் திரும்ப ஊதி, திரும்பத் திரும்பச் சொல்லி, இருட்டுவதற்குள் அவளை ஒருவழியாக ஓட வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் அந்த அக்கா அப்போது பெண்கள் லாக்ரோஸ் அணிக்குப் பயிற்சியாளர். நான் அவருக்கு உதவியாள். நுனியில் வலை கட்டிய கோலில் பந்தை ஏந்தி ஓடும் ஆட்டம் அது. “மீன் புடிக்கவா போறீங்க?” என்று பெண்களை வீட்டில் கேலி செய்வார்களாம். பெண்கள் ஆட்டத்தில் அப்போது ஒரு விதி இருந்தது: நடுவர் விசில் ஊதினால் எல்லாரும் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மற்ற அணிகள் தடுமாறி ஓரடி வைத்துவிடும். எங்கள் பெண்கள் வைக்கமாட்டார்கள். கோச் ஊதி ஊதியே அதை அவர்கள் உடம்பில் இறக்கியிருந்தார். கோப்பைகள் வந்தன. எனக்கென்னவோ, தலைமுடி மட்டும் காற்றில் ஆட, திடல் முழுக்க அவர்கள் அப்படி நிற்பதைப் பார்க்கவே பிடிக்காது.

ஒரு மத்தியானம் பயிற்சியின்போது வானம் திடீரென்று கறுத்தது. இடி கிட்டத்தில் கேட்டது. எல்லாரையும் உள்ளே ஓடிவரச் செய்யும் பதற்றத்தில் கோச் விசிலை ஊதிவிட்டார். வெட்டவெளியில் எல்லாரும் நின்றார்கள். “ஓடுங்க!” என்று அவர் கத்தியது மழையில் கேட்கவில்லை. மறுபடி ஊதினார். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்த எங்கள் கோல்கீப்பர் மேல் மின்னல் இறங்கியது. அவள் விழுந்த பிறகும் மற்றவர்கள் அசையவில்லை. நாங்கள் ஓடிப்போய் ஒவ்வொருத்தியாகத் தோளைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அந்தச் சாவுக்கு கோச்சை யாரும் குற்றம் சொல்லவில்லை. அவராகவே வேலையை விட்டார். பிறகு விதியும் மாறியது. இப்போது அந்தத் திடலில் நான்தான் பயிற்சியாளர், பெண்கள் விசிலுக்குப் பிறகும் தாராளமாக நடமாடுகிறார்கள். ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் பழைய பெண் ஒருத்தி, போக்குவரத்துப் போலீஸ்காரர் ஊதிய விசிலுக்கு நடுரோட்டில் நின்றுவிட்டாள். லோரிக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தாள். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்துதான் கோச் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். நான் கார் ஓட்டினேன்.

“எல்லாம் முடிஞ்சிருச்சி தானே அக்கா?” என்று டெங்கிலில் ஒரு வீட்டிலிருந்து திரும்பும்போது கேட்டேன்.

“ஒருத்தி இருக்கா லா,” என்றார்.

தெலுக் பங்லிமா காராங் போய்ச் சேர்ந்தபோது தூறல் தொடங்கியிருந்தது. கோல்கீப்பரின் அம்மா எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. “மழ வந்தா பின்னால யாரோ நிக்கிற மாதிரியே இருக்கு டீச்சர். கூப்புட்டா வரமாட்டேங்கிறா,” என்றார், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

கோச் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். விசில் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், உடைந்துபோய்: “ஓடும்மா. உள்ள ஓடு.”

அந்த அம்மா சமையலறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சாரல் தரையெல்லாம் நனைத்தது. நான் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. எனக்குத் தைரியமில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா ஒருபக்கம் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

“வந்துட்டா,” என்றார்.

கோச் இன்னும் வெளியே மழையில்தான் நின்றுகொண்டிருந்தார்.