இஞ்சா, விரலா?

எங்கள் அண்ணன் அவர்கள் கர்த்தரிடம் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்குப் படித்த மருமக்கள் யாராவது எழுதட்டும் என்று சிலர் சொன்னார்கள். நான் விடவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனாலும் மூன்று மரத் தடிக்கடையும் மரம் அறுக்கும் மில்லும் என் கையால் உண்டாக்கினேன். என் பெயரைச் சொன்னால் செங்கோட்டை வரைக்கும் மர வியாபாரிகள் எழுந்து நிற்பார்கள். அண்ணனைப் பற்றி என்னைவிட அறிந்தவர் இல்லை. அண்ணனும் என்னைப் பற்றி அப்படியே அறிந்தவர்கள். அதுதான் இத்தனை வருஷமும் எனக்குப் பயம்.

அண்ணன் பிறந்தது பூதப்பாண்டிக்குப் பக்கத்தில். அப்பாவை வயலில் பாம்பு கடித்தபோது அண்ணனுக்குப் பதினொன்று, எனக்கு எட்டு வயது. அம்மா நெல் குத்தி எங்களை வளர்த்தார்கள். மகாராஜா காலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், மிஷன் தொழிற்பள்ளியில் தச்சுவேலை படிக்க இரண்டுபேரும் சேர்ந்தோம். சர்டிபிகேட் வாங்கினால் மராமத்து இலாகாவில் வேலை கிடைக்கும். வாங்காவிட்டால் ஆயுசுக்கும் கூலிக்கு உளி தூக்க வேண்டியதுதான்.

ஊர் ஆசாரிமார் கோலும் விரலும் வைத்து அளப்பார்கள். பள்ளியில் அடியும் இஞ்சும்தான். வாய் தவறி 'விரல்' என்று சொன்னால், தச்சு வாத்தியார் இஞ்சுக்கோலால் விரலிலேயே போடுவார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்குவேன். வேலையில் நான்தான் முதல் என்பதை அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் பயம் பயம்தான்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு காலையில் கொட்டாரம் ஊரிலிருந்து ஆள் வந்தது. அங்கே சபை உபதேசியார் இறந்துவிட்டார், சவப்பெட்டி வேண்டும். அங்குள்ள ஆசாரி உடலை அளந்து கொடுத்துவிட்டார், அவரிடம் பலகை இல்லை. "நீளம் அறுபது" என்று வாசலில் நின்ற என்னிடம் சொல்லிவிட்டு ஆள் ஓடிவிட்டது. வாத்தியார் அன்று நாகர்கோவிலுக்குப் போயிருந்தார். பொறுப்பு அண்ணனுக்கு.

"எலே, அறுபது இஞ்சா, விரலா? கேட்டியா?"

நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கேட்டேன். இஞ்சுதான். இதுகூடவா எனக்குத் தெரியாது?"

"அஞ்சடிதானா? அவ்வளவு குள்ளமாலே அவிய?"

"வயசானா மனுசன் சுருங்குவான் அண்ணா" என்றேன். அண்ணன் சிரித்துக்கொண்டே வாளை எடுத்தார்கள்.

ஆசாரிமாரின் விரல் அளவு என்பது இஞ்சைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அறுபது தடவை அந்தக் கொஞ்சம் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு அடி. மத்தியானம் கொட்டாரத்தில் உபதேசியாரைத் தூக்கிக் கிடத்தினபோது இரண்டு காலும் பெட்டிக்கு வெளியே நின்றன. பாட்டு பாடினவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

"பிள்ளைக்குச் செஞ்ச பெட்டியாடே இது?" என்றார் ஒருவர்.

உபதேசியாரின் மனைவி அழவில்லை. என்னையே பார்த்து, "அவிய காலை மடக்கியா வைக்கப் போறிய?" என்று கேட்டார்கள். அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

அண்ணன் கால்மாட்டுப் பலகையைத் தட்டிக் கழற்றி, நாங்கள் வந்த மாட்டுவண்டியின் தட்டுப்பலகையை அறுத்து, பெட்டியை நீட்டினார்கள். ஆணி அடிக்கும்போது சுத்தியல் என் பெருவிரலில் விழுந்தது. எனக்கு வலிகூடத் தெரியவில்லை.

திரும்பும் வழியில், "நாளைக்கு நான் சொல்லிருதேன் அண்ணா" என்றேன்.

"மிண்டாதலே, யாரிட்டயும் சொல்லாத. ரெண்டுபேரையும் துரத்தினா அம்மை என்னத்தைக் குடிப்பா? ஒருத்தனாவது சர்டிபிகேட்டோட வீட்டுக்குப் போகணும்."

மறுநாள் வாத்தியார் எங்களை நிறுத்தி, "அளவு கேட்டது யாரு?" என்றார். நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. "நான்தான் ஐயா" என்றார்கள் அண்ணன். அன்றைக்கே பள்ளியில் அண்ணன் பெயரை வெட்டிவிட்டார்கள்.

முப்பதுகளில் நான் மராமத்தில் ஏறினேன், பிறகு அதை விட்டுக் காண்டிராக்ட் எடுத்தேன், கட்டாத பாலமில்லை. அண்ணன் பூதப்பாண்டி வட்டாரத்தில் கூலிக்குக் கதவு ஜன்னல் செய்தார்கள். அண்ணன் செய்த கதவு எந்த மழையிலும் இறுகாது; போய்ப் பாருங்கள். யாரிடமும் கடுஞ்சொல் பேசியதில்லை. தம்பி கெட்டிக்காரன், அண்ணனுக்குத்தான் சாமர்த்தியம் போதாது என்று உறவில் பேசுவார்கள். நான் மறுத்ததில்லை.

கல்யாண வீடானாலும் புதுவீடானாலும் நான் பெருமை பேசும்போது அண்ணன் மெல்லக் கேட்பார்கள்: "இஞ்சா, விரலா?" எல்லாரும் ஏதோ தச்சு வேடிக்கை என்று சிரிப்பார்கள். நான் சட்டென்று பேச்சை மாற்றுவேன். இன்றைக்குச் சொல்லிவிடுவார்களோ என்று நினைப்பேன். ஒருநாளும் சொன்னதில்லை.

கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது பார்க்கப் போனேன். கண்ணைத் திறந்து, "எலே, அளவெடுக்க வந்தியா?" என்றார்கள். என் கையைப் பிடித்து, "பயப்படாத மக்கா. இஞ்சுல எடு" என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார்கள்.

பெட்டிக்கு நானே அளந்தேன். அறுபத்தாறு இஞ்சு. நான்கு தடவை அளந்தேன். சரியாக இருந்தது.

அண்ணனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மதினிக்கும் பிள்ளைகளுக்கும், வைத்தியருக்கும், மழையில் நனைந்துகொண்டே கல்லறைவரை வந்த எல்லாருக்கும் என் கும்பிடு. இந்த மலர் யார் யார் வீட்டுக்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு வாத்தியார் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

அளவு கேட்டது நான்தான் ஐயா. அண்ணன் இல்லை.