ஏழு மெகாஹெர்ட்ஸில் என் அண்ணன்

கட்டைவிரலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாட்ஸ்அப்பில் அனுப்புவார்களே, அந்த மஞ்சள் கட்டைவிரலைச் சொல்கிறேன். அண்ணனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்த பிறகு, அவரிடமிருந்து எனக்கு வந்ததெல்லாம் அது ஒன்றுதான். சாப்பிட்டாயா என்று கேட்டால் கட்டைவிரல். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால் கட்டைவிரல். ஒருநாள் ஆத்திரத்தில், எங்கள் வீட்டு மாடிச் சுவர் இடிந்து விழுந்துவிட்டது என்று பொய்யாக எழுதிப் பார்த்தேன். அதற்கும் கட்டைவிரலே வந்தது.

இத்தனைக்கும் அவர் அதிராம்பட்டினத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் ஒரு மூலையில் நின்றுகொண்டு மறு மூலையில் நிற்பவனை மைக் இல்லாமல் அதட்டியவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் முதல் வாசகம் அவருடையதுதான். பின்வரிசையில் தூங்குகிறவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். அந்த மனுஷன் இப்போது வாயே இல்லாதவர் மாதிரி ஒரு படத்தை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால் தங்கச்சி எனக்கு எப்படி இருக்கும்?

போனில் ஆகாது என்று நேரிலேயே கிளம்பினேன். நான் இருப்பது கீழ்வேளூருக்கு மேற்கே ஒரு கிராமம். திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறி, நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன். அங்கே எல்லாவற்றையும் அண்ணியே பேசினார். அவருக்கு இப்ப பரவாயில்லை, அவருக்குக் கஞ்சி பிடிக்கிறது, அவருக்கு வெளியே போகப் பிடிக்கவில்லை. அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலியில் இருந்தார். எழுதிக் காட்டுவதற்காக ஒரு சிலேட்டு வாங்கி வைத்திருந்தார்கள். அதில் பேத்தி வரைந்த வாத்து ஒன்று இருந்தது. அதை அழிக்க வேண்டிய அவசியம் இதுவரை அவருக்கு வரவில்லை என்று தெரிந்தது.

அண்ணி அடுப்படிக்குப் போன நேரத்தில், எரிச்சல் தாங்காமல், காபி டம்ளரில் ஸ்பூனால் தட்டினேன். "காபி எப்படி?" என்று கேட்டேன். கேட்டது வாயால் இல்லை, மோர்ஸில்.

நாங்கள் இருவரும் இளவயதிலேயே பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கியவர்கள். புள்ளியும் கோடுமாகத் தட்டுகிற மோர்ஸ் எங்களுக்கு வீட்டுப் பாஷை மாதிரி. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோம். அப்பாவுக்குப் புரியாமல் அவரைப் பற்றியே பேசியிருக்கிறோம். கல்யாணம், வேலை, பிள்ளைகள் என்று ஆன பிறகு எப்போதாவது ஒரு நாள் என்று குறைந்து, அப்புறம் இடி விழுந்து என் ரேடியோ செட்டு கருகியதோடு அதுவும் நின்றுபோனது.

அண்ணன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். நாற்காலியின் கைப்பிடியில் நகத்தால் தட்டினார்.

"தண்ணி மாதிரி."

அப்புறம் நாலு புள்ளி, ரெண்டு புள்ளி. மோர்ஸ்காரர்களுக்கு அதுதான் சிரிப்பு. அதற்குள் அண்ணி எட்டிப் பார்த்து, "என்ன சொல்றாரு?" என்றார். அண்ணன் நிஜக் கட்டைவிரலையே தூக்கிக் காட்டினார். அண்ணி உள்ளே திரும்பியதும் அவசர அவசரமாகத் தட்டினார். "காலையில ஆறரை. ஏழு மெகாஹெர்ட்ஸ். செட்ட சரி பண்ணு."

சரி பண்ணு என்று சொல்வது சுலபம். புதுச் செட்டு என் சக்திக்கு மீறியது. அனுப்புவதற்கு, சின்னதாக ஒன்றை நானே சால்டர் பண்ணிக்கொண்டேன். பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவள் அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? கேட்பதற்குத்தான் வழி இல்லை. இப்போது எஸ்.டி.ஆர். என்று ஒன்று மலிவாக வருகிறது. பென் டிரைவ் மாதிரி இருக்கும், லேப்டாப்பில் செருகிவிட்டால் போதும், ரேடியோ செய்கிற வேலையையெல்லாம் கம்ப்யூட்டரே செய்துவிடும் என்றார்கள். வந்ததைப் பிரித்துப் பார்த்தால் அதுவும் கட்டைவிரல் அளவு! என் தலையெழுத்து.

முதலில் வந்தது போலி. ஏழு மெகாஹெர்ட்ஸ் கேட்க உள்ளே ஒரு சர்க்யூட் வேண்டும். மேலே ஒட்டியிருந்த லேபிளில் அது இருந்தது, உள்ளே இல்லை. அதைத் திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன். அப்புறம் அதை ஓட்டுகிற டிரைவர் என்ற மென்பொருளோடு தகராறு. நான் ஒன்றைப் போட்டால் லேப்டாப் அதை அழித்துவிட்டுத் தனக்குப் பிடித்த இன்னொன்றைப் போட்டுக்கொள்ளும். இணையத்தில் கேட்டால், ரொம்பச் சுலபம் என்று ஆரம்பித்து இரண்டு பக்கத்துக்குச் சொல்வார்கள். ஒருவழியாக அது ஓடியபோது, அண்ணன் இருக்க வேண்டிய ஏழு மெகாஹெர்ட்ஸில் எஃப்.எம். நகைக்கடை விளம்பரம் கேட்டது. எஃப்.எம். சிக்னல் பலமாக இருந்தால் இந்தப் பொடிசு குழம்பிப்போய் அதைக் கண்ட இடத்தில் கொண்டுவந்து போடுமாம். அதற்கு ஒரு ஃபில்டர் வாங்கி மாட்டினேன்.

அதன் பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. இதில் வருகிற சிக்னலைத் திரையிலும் பார்க்கலாம். கறுப்புத் திரையில் மேலிருந்து கீழே மழை மாதிரி இறங்கும். ஒரு நிலையம் பேசினால் அந்த இடத்தில் ஒரு கோடு. என் திரையிலோ மஞ்சள் கரைத்து ஊற்றின மாதிரி ஒரே மஞ்சள். எல்லாம் இரைச்சல். அந்த மஞ்சளுக்குள், சரியாக ஆறரைக்கு, மயிரிழை மாதிரி ஒரு கோடு தோன்றும். விட்டுவிட்டு, புள்ளி எது கோடு எது என்று பிரிக்க முடியாதபடி. அண்ணன்தான். அரைமணி நேரம் அது ஓடும். கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு எட்டவில்லை. கூப்பிட்டதையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் அவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவேன். ஒன்று போதாது, மூன்று நான்கு. அந்தப் பொடிசு டாங்கிளைத் திட்டுவேன், லேப்டாப்பைத் திட்டுவேன், அதைச் செய்தவனின் குடும்பத்தை விசாரிப்பேன். நீ பேசுறது தெரியுது, ஒரு எழுத்துகூடப் புரியல, நேரத்தையாவது மாத்து அண்ணே என்று கெஞ்சுவேன். கட்டைவிரல் வரும். மறுநாள் அதே ஆறரை.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தேன். ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். இன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கினேன். என் வீட்டுக்காரர் இருட்டுக் குளியலறையில் சவரம் செய்து தாடையை வெட்டிக்கொண்டு வந்து, உங்க அண்ணன் பேசுறதுக்கு இன்னும் யார் யார் ரத்தம் வேணும் என்று கேட்டார். மஞ்சள் அப்படியே இருந்தது. கடைசியில் ஒன்று புரிந்தது. அந்தப் பருவத்தில் காலை ஆறு மணிக்குத்தான் மோட்டாருக்கு த்ரீ பேஸ் மின்சாரம் விடுவார்கள். அது வந்த அடுத்த நொடி திரை மஞ்சளாகும். எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஒரு மோட்டார் கொட்டகை. அதில், போனிலிருந்தே மோட்டாரைப் போடுவதற்கு ஒரு பெட்டி மாட்டியிருந்தார் பக்கத்து வயல்காரர். இரைச்சல் அந்தப் பெட்டியுடையது.

போய்க் கேட்டேன். அரைமணி நேரம் அதை அணைத்து வைக்கக் கூடாதா என்று. அவர் நல்ல மனிதர், பொறுமையாகவே சொன்னார். பெட்டியை அணைத்தால் மோட்டாரும் நின்றுவிடும், குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருக்கிறது, வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வந்து எட்டவில்லை, கரண்ட் இருக்கிற நேரத்தில் ஒவ்வொரு நிமிஷமும் இறைத்தாக வேண்டும். அதற்கு மேல் நான் என்ன பேச? அவருடைய நாற்று எனக்குத் தெரியாதா? ஆனால் அவர் அதோடு விடவில்லை. என் திரையைப் பற்றித் தெரிந்துகொண்டதும், தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, மஞ்சளாயிட்டா? த்ரீ பேஸ் வந்துட்டா?" என்று கேட்க ஆரம்பித்தார். பிறகு அவருடைய பங்காளியும் கேட்டார். நான் அண்ணனைக் கேட்க வாங்கிய கருவி, தெருவுக்குக் கரண்ட் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருநாள் விடியற்காலையில் டமார் என்று ஒரு சத்தம். டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ஊரே ரோட்டுக்கு வந்து தலையில் கைவைத்து நின்றது. நான் மட்டும் பாவி மாதிரி உள்ளே ஓடி, பேட்டரியில் லேப்டாப்பைப் போட்டேன். திரை கறுப்பாக இருந்தது. கன்னங்கரேல் என்று, ஒரு பொட்டு மஞ்சள் இல்லாமல். அப்படி ஒரு கறுப்பை நான் பார்த்ததே இல்லை. ஆறரைக்கு அதில் வெள்ளையாக ஒரு கோடு இறங்கியது. ஹெட்போனில் அண்ணன் தட்டுவது மணி அடித்த மாதிரி கேட்டது.

பதில் தட்ட, மோர்ஸ் தட்டுகிற கட்டையில் கையை வைத்தேன். ஆனால் அவர் என்னைக் கூப்பிடவில்லை. பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கும் கனவுல குரல் இருந்துச்சு. பசங்கள வரிசையா நிக்க வச்சு அதட்டுறேன். முழிச்சதும் ஒரு நிமிஷம் ஞாபகம் வரல. அவளக் கூப்பிட வாயத் தொறந்தேன். காத்துதான் வந்துச்சு."

கோயிலில் எல்லோரும் பாடும்போது வாயை மட்டும் அசைப்பதைச் சொன்னார். மீன்காரரைக் கூப்பிட முடியாமல் கைதட்டிக்கொண்டே வாசலுக்கு ஓடியதைச் சொன்னார். அண்ணி தனக்கும் சேர்த்துப் பேசுவது பிடிக்கவில்லை, பாவம், அதைச் சொல்லவும் முடியவில்லை என்றார். கடைசியாக, "தங்கச்சிக்கு இது எதுவும் கேக்காது. அதான் சொல்றேன். கேட்டா பஸ் ஏறி வந்து அழுவா" என்று தட்டிவிட்டு நிறுத்தினார்.

கட்டையிலிருந்து என் கையை எடுத்துக்கொண்டேன். ஒரே கோபமாக வந்தது. கூடப் பிறந்தவளிடம் சொல்ல மாட்டாராம், காற்றிடம் சொல்வாராம்! இரண்டு மாதமாக என்னைக் கூப்பிடுகிறார் என்று நான் நினைத்தது இதைத்தானா? அழுகையும் வந்தது. நான் பதில் தட்டினால் அடுத்த நாள் முதல் அங்கேயும் கட்டைவிரல்தான் என்று எனக்குத் தெரியும். போனை எடுத்து, 'இன்னிக்கும் இரைச்சல்' என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

டிரான்ஸ்ஃபார்மர் வெடித்ததில் பக்கத்து வயல்காரரின் பெட்டியும் புகைந்துபோயிருந்தது. புது டிரான்ஸ்ஃபார்மர் வந்து கரண்ட் திரும்பிய பிறகும் என் திரை கறுப்பாகவே இருந்தது. அவர் கொட்டகைக்கு நடந்து போய்க் கையால் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து, "உங்க வேண்டுதல் பலிச்சிட்டுக்கா" என்றார். நான் இரைச்சல் போகாதா என்று தவம் கிடந்தபோது போகாத சனியன், அது இருந்தால் தேவலை என்று நினைக்கிற நேரம் பார்த்துப் போனது.

அதன்பிறகு தினமும் கேட்டேன். திருட்டுத்தனமாகக் கேட்கிறோமே என்று உறுத்தும். எழுந்து போகவும் முடியாது. கஞ்சியில் உப்பில்லை என்பார். மூச்சு விடத் தன் கழுத்தில் போட்ட ஓட்டையைப் பார்த்துப் பேத்தி பயப்படவில்லை, அதற்குள் என்ன இருக்கு தாத்தா என்று கேட்டாள் என்பார். கேட்டு முடித்துவிட்டு, 'இரைச்சல்' என்று ஒரு வார்த்தை அனுப்புவேன். வீடு இவ்வளவு அமைதியா இருக்கே, உடம்புக்கு முடியலையா என்று என் வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஒரு காலையில் அண்ணன் கஞ்சியைப் பற்றிப் பாதி சொல்லிக்கொண்டிருந்தார். சட்டென்று நின்றது. எழுந்து போய்விட்டார் என்று நினைத்தேன். கோடு மறுபடி இறங்கியது, மெதுவாக.

"ஒரு வாரமா நீ யாரையும் திட்டல. டாங்கிளத் திட்டல. அந்தப் பெட்டிக்காரனத் திட்டல. மெசேஜு ஒத்த வார்த்தையில வருது."

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கேக்குதுன்னா ஒரு தட்டு."

தட்டாமல் விட்டால், எனக்குக் கேட்கவில்லை என்று நம்பிக்கொண்டு அவர் தொடர்ந்து பேசுவார். தட்டினால் எல்லாம் போய்விடும். ஆனால் அவர் கேட்கிறார். முதல் தடவையாக என்னிடம் கேட்கிறார். ஒரு புள்ளி தட்டினேன்.

திரையில் கறுப்பு இறங்கிக்கொண்டே இருந்தது.

"எந்த நாள்லேருந்து?"

"போன வாரம் இங்க டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்ச நாள்லேருந்து," என்று தட்டினேன்.

மறுபடியும் கறுப்பு. போய்விட்டார், கெடுத்துவிட்டேன் என்று ஹெட்போனைக் கழற்றப் போனேன். அப்போது வந்தது.

"அத்தன நாளா வாய மூடிக்கிட்டு இருந்தியா? நீயா?"

அப்புறம் நாலு புள்ளி, ரெண்டு புள்ளி. நாலு புள்ளி, ரெண்டு புள்ளி. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. அண்ணனுடைய அதே பழைய சிரிப்பு, மூச்சு விடாமல். நான் அழுதுகொண்டே, அந்த டாங்கிள், டிரைவர், நகைக்கடை விளம்பரம், மோட்டார் பெட்டி, அவருடைய பாழாய்ப்போன கட்டைவிரல் என்று சேர்த்து வைத்திருந்த திட்டையெல்லாம் கை வலிக்க வலிக்கத் தட்டினேன். நான் முடித்ததும், கஞ்சியில் உப்பில்லாத கதையை விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.