வெறும் புல்வெளியில் நின்ற குதிரைகள்

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். ஆனால் இது நடந்தது. தன்யூப் நதிக்கரையில், ரோமானியக் குதிரைப்படையில் இருந்த திராசிய வீரன் டிசாலாவுக்கு, பட்டப்பகலில் நடந்தது.

மேகம் மூடிய மதியம். கோட்டைக்கு வடக்கே, சதுப்பை ஒட்டிய புல்வெளியில் படை பாய்ச்சல் பழகியது. முதலில் டிசாலா. ஈட்டியை நீட்டிக்கொண்டு வடக்கு நோக்கிப் பறந்தான். பாதி வெளியில் அவனுடைய பெட்டைக் குதிரை முன்கால்களை ஊன்றிச் சட்டென்று நின்றது.

"கோழைக் கழுதை! நாளைக்கே கசாப்புக்கு அனுப்பு" என்றான் தலைவன் சபீனியஸ்.

"இவ அஞ்சு சண்டை பார்த்தவ, தலைவரே! கேடயத்தோட ஆளுங்க நெருக்கி நின்னா எந்தக் குதிரையும் போய் மோதாது. அவங்க சிதறினாத்தான் உள்ளே பாயும். உங்களுக்குத் தெரியாததா?"

"இங்கே எவன்டா நிக்கிறான்? புல்லுதானே இருக்கு!"

சபீனியஸ் தானே பாய்ந்தான். அவன் குதிரையும் அதே இடத்தில் நின்றது. பிறகு முப்பது பேரும் சேர்ந்து பாய்ந்தார்கள்.

முப்பதும் நின்றன. கயிறு கட்டியதுபோல் ஒரே கோட்டில்.

காதுகள் முன்னால் விறைத்தன. நுழையச் சந்து தேடுவதுபோல் குதிரைகள் பக்கவாட்டில் நகர்ந்தன...

"திரும்புங்க" என்றான் சபீனியஸ். குரல் தேய்ந்திருந்தது.

டிசாலா திரும்பவில்லை. கீழே குதித்து, வெறும் புல்லைப் பார்த்துக் கத்தினான். "என் குதிரைக்குக் கோழைன்னு பேர் வாங்கிக் கொடுத்தது எவன்டா? தைரியம் இருந்தா முன்னால வா!"

நடந்தான்.

குளிர்... ஈரத் தோலின் நாற்றம்... இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம். பலருடைய மூச்சு.

"தள்ளுடா!"

தோளால் இடித்தான். ஏதோ விலகியது.

அந்தப் பக்கம் போய்விட்டான். அங்கே மூடுபனி மட்டும். காலை அகட்டி நின்று காறித் துப்பினான்.

"இதோ நிக்கிறேன். என்ன பண்ணுவீங்க?"

டக்... டக்... டக்...

முதுகுக்குப் பின்னால் கேடயங்கள் மூடிக்கொள்ளும் ஓசை.

அவன் குதிரை அலறியது.

திரும்பினான். ஓடவில்லை. நடந்தான்.

ஒரு கை அவன் முழங்கையைப் பிடித்தது.

வெடுக்கென்று உள்ளே இழுத்தது.

அடுத்த கணம் குதிரைகளின் நடுவே கிடந்தான். முழங்கையில் ஐந்து விரல்களின் தடம்.

அதன் பிறகு சபீனியஸ் கசாப்புப் பேச்சை எடுக்கவே இல்லை.

அடுத்த இளவேனிலில், குதிரைகள் நின்ற அதே இடத்தில் அகழி வெட்டினார்கள். சேற்றுக்குள் எலும்புக்கூடுகள். நின்றபடியே, கேடயத்தோடு கேடயம் ஒட்டி, ஒரே வரிசையில். எந்தப் படை என்று யாருக்கும் தெரியவில்லை.

தங்களைத் தடுக்கத்தான் அவர்கள் நின்றார்கள் என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

ஆனால் அத்தனை பேரும் கோட்டைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். முகங்கள் வடக்கே பார்த்திருந்தன...

டிசாலா தனியாகப் போய் நின்ற பக்கத்தை.