சேலத்து லாரி வராத வாரம்

அடையாறு சூப்பர் மார்க்கெட்டில் மாம்பழப் பெட்டியைத் திறந்ததும் வைக்கோல் வாசனை குப்பென்று ஏறியது. இது காய்த்த மரத்தடிக்கே போய் நின்றால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

பனகல் பூங்காவுக்குப் பின்னால், இப்போது ஒரு ஜவுளிக்கடையின் கார்கள் நிற்கும் இடத்தில், அம்மாவின் பழக்கடை இருந்தது. மாசியில் கேரளத்து மாம்பழம் முதலில் வரும், சித்திரையில் சேலம், அப்புறம் ஆந்திரா. எங்கள் பயமெல்லாம் நடுவில் விழும் இடைவெளிதான். கேரளத்துப் பழம் தீர்ந்து, சேலத்தில் மழையால் பறிப்பு தள்ளிப்போனால், அந்த வாரம் எதிர்க்கடைக்குப் போகிறவர்கள் பருவம் முடியும்வரை திரும்பமாட்டார்கள். அப்போதெல்லாம் அம்மா வெறும் கூடையில் பழைய வைக்கோலை உப்பலாக நிரப்பி, உள்ளே பழம் கிடப்பதுபோல் கையை விட்டுப் புரட்டிக்கொண்டே, லாரி ஹாரன் கேட்கிறதா என்று தெருமுனையைப் பார்த்தபடி இருப்பாள்.

"இன்னாக்கா, கூடையத் தடவிக்கினே கீறியே, முட்டை எதுனா வச்சிருக்கியா?" என்பார் எதிர்க்கடைக்காரர்.

"கல்லு வச்சுப் பழுக்க வச்சியே, அதை நீயே துன்னு நைனா!" என்று அம்மா சிரிப்பாள்; விரல்கள் மட்டும் வைக்கோலுக்குள் நிற்காது.

ஒரு வருடம் லாரி வந்து நின்ற அதே நேரத்தில், எங்கள் வாடிக்கையான மயிலாப்பூர் மாமி எதிர்க்கடைப் பையோடு தலையைக் குனிந்தபடி கடந்துபோனார். அம்மா பார்த்தாள், கூப்பிடவில்லை.

வரும் சித்திரையில் சேலத்தில் முதல் காய் பறிக்கும்போது தோப்பில் நிற்கப்போகிறேன். அம்மா இதுவரை ஒரு மாந்தோப்பைக்கூடப் பார்த்ததில்லை. ரயிலில் இரண்டு டிக்கெட் போட வேண்டும்.