வற்றிய கிணறும் இருளம்மாளின் அரளியும்

மலையடிவாரத்து லோயர் கேம்பில் இறங்கும் பெரியாற்றுத் தண்ணீர் பள்ளத்து வயல்களுக்குப் போகிறது. பண்ணைப்புரத்து மேட்டுக்கு அது ஏறாது. அந்த மேட்டில், புருஷன் விட்டுப்போன சரளைக் காட்டில் சோளம் கருகிப்போன பிறகு, இருளம்மாள் அரளி வைத்தாள். ஐப்பசி மழையில் கொம்புகளை ஒடித்து ஊன்றினாள். முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். அதன்பின் செடிகள் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. வெயில் ஏற ஏறப் பூத்தன. காலையில் அந்த இளஞ்சிவப்புப் பூவின் வாசம் வண்டிப்பாதை வரை வரும். பூக்கட்டி விற்றுத்தான் அவளும் மகள் முத்துப்பேச்சியும் சாப்பிட்டார்கள்.

யுத்தம் தொடங்கிய வருஷம் எங்களுக்கு மழை இல்லை. பக்கத்துக் காட்டுக்காரரான நாட்டாமை சீனிச்சாமியின் கிணறு வற்றியது. ஊரில் எல்லாக் கிணறும்தான் வற்றியது. ஆனால் அவர், இருளம்மாளின் அரளி வேர் வந்து தன் ஊற்றைக் குடித்துவிட்டது என்றார். கிணற்றில் இறங்கி அந்த வேரைக் காட்டும்படி ஒருவராவது கேட்டாரா? இல்லை. மறுநாளே ஆள் விட்டு அத்தனை செடியையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிப் போட்டார்.

இருளம்மாள் அழுது ஓய்ந்து ஒன்றுதான் கேட்டாள். "வெட்டுனது வெட்டிட்டீக மாமா. தழைய அள்ளித் தீயில போடச் சொல்லுங்க. வாடுனா ஆடு வாய வைக்கும்."

"அரளிய எந்த ஆடு தின்னுருக்கு? ஒன்னையவிட ஆட்டுக்கு வெவரம் இருக்குத்தா" என்று சிரித்தார் அவர்.

பச்சை அரளியை ஆடு தொடாது என்பது உண்மை. அதனால்தான் எங்கள் பக்கம் வேலிக்கே அதை வைக்கிறார்கள். அதை நம்பி ஊரும் சும்மா இருந்தது. தங்கள் பக்கம் விழுந்த தழையைத் தாயும் மகளும் அள்ளி எரித்தார்கள். அவர் பக்கம் விழுந்ததை அள்ள, எல்லைக்குள் கால் வைக்க விடவில்லை. புல் இல்லாத கோடை. வாடிச் சுருண்ட தழையை அவருடைய ஆடுகள் பசியில் தின்றன. கிடையில் பாதி செத்தது.

அதற்கும் இருளம்மாள்தான் குற்றவாளியாம்! விஷத்தை வளர்த்தவள், மிச்சத் தூர்களைத் தன் கையாலேயே தோண்டி எறிய வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் தீர்ப்பானது. தீர்ப்புச் சொன்னவர் யார்? வெட்டிய அதே சீனிச்சாமி. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

இருளம்மாள் சத்தம் போடவில்லை. "செடிய வெட்டியாச்சு. கெணத்துல ஊத்து வந்துருச்சா மாமா?" என்றாள்.

கூட்டம் துண்டை உதறிக்கொண்டு கலைந்தது. அவள் தோண்டவில்லை.

ஒரு கோடை மழைக்கே தூர்கள் வெடித்துத் துளிர்த்தன. அடுத்த சித்திரையில், மல்லிகைத் தோட்டங்கள் காய்ந்து கிடக்க, அரளி பூத்துக் குலுங்கியது. வீரபாண்டி அம்மனுக்கு வேண்டுதல் மாலை கேட்டுச் சீனிச்சாமியின் மனைவி பொன்னாத்தாள் வந்தாள். பூ வேண்டும், செய்ததைப் பற்றி மட்டும் பேச்சில்லை.

இருளம்மாள் கூடையைத் துணியால் மூடினாள். "இது வெசமுன்னு மாமாதான் ஊருக்கு முன்னால சொன்னாக. வெசத்த ஆத்தா கழுத்துல எப்பிடிப் போடுறது அத்தை? கூட்டத்துல சொன்னத அவுக கூட்டத்துலயே மாத்திச் சொல்லட்டும். மாலைய நானே கொண்டாந்து தாரேன்."

சீனிச்சாமி கூட்டம் கூட்டவில்லை. அவர் வீட்டு வண்டி மாலை இல்லாமலே வீரபாண்டிக்குப் போனது. அதற்கு முன்னாலேயே முத்துப்பேச்சி அம்மன் கோயில் வாசலில் விற்கப் பூக்கூடையோடு கிளம்பிவிட்டாள்.