மேம்பாலத்தில் கொதித்த கார்

மருந்துக்கடைக்காரருக்குத் தெருவில் பட்டப்பெயர் பாலிஷ். கடை திறக்கத் தாமதமானாலும் ஆகும். தன் பழைய காரைத் துடைக்காமல் கிளம்ப மாட்டார். அந்தக் காரோ சிக்னலில் கொஞ்சம் நின்றாலே சூடேறிப் புகையும். பழைய செம்பு ரேடியேட்டர் முழுக்க உப்படைத்துக் கிடந்தது.

"அலுமினியம் போட்டுடலாம் மாமா. சீக்கிரம் சூடு ஆறும்" என்று மனைவியின் தம்பி நச்சரித்துக்கொண்டே இருந்தான். அவன் பட்டறையில் வெல்டர்.

"அசலை எடுத்துட்டா அப்புறம் அது என்ன காரு?" என்று முரண்டு பிடித்தவர் கடைசியில் இறங்கி வந்தார். மைத்துனன் அதைத் தாங்கும் பட்டைகளைத் தானே வெட்டி வளைத்து, புதியதைக் கச்சிதமாகப் பொருத்திக் கொடுத்தான்.

அதன் பளபளப்பில் பாலிஷ் சொக்கிப்போனார். தூசி படக்கூடாதென்று, வண்டியை நிறுத்தும்போதெல்லாம் பானட்டைத் திறந்து, ரேடியேட்டரின் முகத்தில் ஒரு துண்டைப் போர்த்தி வைத்தார்.

கண் ஆபரேஷன் முடிந்த மாமனாரை அழைத்துவரக் குடும்பமே போயிருந்தது. திரும்பும் வழியில், மேம்பாலத்தின் நடுவே, பானட்டிலிருந்து ஆவி சீறியது. பின்னால் ஹாரன்கள் அலறின. கட்டுப்போட்ட கண்ணோடு பெரியவர் வெயிலில் நின்றார்.

"நான் பாக்கறேன் மாமா."

"நீ பாத்துக் கிழிச்சது போதும்! வெல்டிங் தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரியா? முதல்ல இவங்களக் கூட்டிட்டுப் போ."

மைத்துனன் முகம் சுண்டிப்போயிற்று. வாடகைக் கார் பிடித்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஆவி அடங்கியபின் பாலிஷ் பானட்டைத் திறந்தார். ஆஸ்பத்திரி வாசலில் போர்த்திய துண்டு, காற்றே புகாதபடி ரேடியேட்டரில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டி டிக்கியில் போட்டார். தண்ணீர் ஊற்றி ஓட்டிவந்தபோது சூடு காட்டும் முள் மேலே ஏறவே இல்லை. அதைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

"தம்பி வழியெல்லாம் வாயே திறக்கலைங்க" என்றாள் மனைவி.

"களைப்பா இருக்கும்" என்று சொல்லி வைத்தார்.

விடுமுறை நாளில் மைத்துனன் ஸ்பேனர்களோடு வந்து நின்றான். "பழசையே மாட்டித் தந்துடறேன் மாமா. என்னாலதானே அப்பா வெயில்ல நின்னாரு."

அவன் முதல் போல்ட்டில் கை வைத்ததும் பாலிஷுக்குத் தாங்கவில்லை.

"கழட்டாத மாப்ள. தப்பு என்னுது." துண்டு விஷயத்தைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"எல்லார் முன்னாடியும்தானே திட்டுனீங்க? உள்ள வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

போய்ச் சொன்னார். மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

அதன்பின் கார் கொதித்ததே இல்லை. மைத்துனனும் வருகிறான், பேசுகிறான், சாப்பிடுகிறான். கிளம்பும்போது "வா, கொண்டு விடறேன்" என்றால் மட்டும், "பரவால்ல மாமா, பஸ் இருக்கு" என்கிறான். பாலிஷ் வற்புறுத்துவதில்லை. அவன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வருகிறார்.